நம்ம ஆட்களுக்கு எழுதுவதில்லை

கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்றால் அது நான்தான். சீட்டுப் போடும் இடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே ஏ.சி. உண்டு, எனக்காக இல்லை, சர்வருக்காக. பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள், மின்விசிறி சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதையும் சகித்துக்கொண்டு பல வருஷமாக வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகள் சிலவற்றோடு எங்கள் கம்ப்யூட்டரை இணைக்கப் போகிறோம் என்று ஒரு நாள் நிர்வாகத்தில் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். எட்டயபுரத்திலிருந்தும் கழுகுமலையிலிருந்தும் வருகிறவர்கள் மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மழைக் காலத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் பாதி நனைந்து, மை ஊறி, ஒன்றும் படிக்க முடியாது. ஊர் மாறி ஆஸ்பத்திரி மாறினால் எடுத்த ரத்தத்தையே திரும்பவும் எடுப்பார்கள். இணைத்துவிட்டால், நோயாளி சம்மதித்தால் போதும், இங்கே பார்த்த வைத்தியம் அங்கே திரையில் தெரியும்.

அதற்கு எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே முறையில் எழுத வேண்டும். ஒரு இடத்தில் சர்க்கரை, இன்னொரு இடத்தில் ஷுகர், மூன்றாவது இடத்தில் டி.எம். என்று எழுதினால் கம்ப்யூட்டருக்கு அது மூன்று வியாதி. பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒரு கட்டம், ஒவ்வாமைக்கு ஒரு கட்டம், வியாதிக்கும் மருந்துக்கும் பொதுவான குறியீடு என்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்குக்கு எங்களைக் கொண்டுவர மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். மதுரைக்காரர், பொறுமைசாலி. அந்தப் பொறுமை எங்களிடம் எத்தனை நாள் தாங்கும் என்று நான் அப்போதே நினைத்தேன்.

முதலில் சோதனைக்காக இரண்டு மூன்று பேருடைய விவரத்தைக் குளத்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினோம். அங்கே என்னைப் போலவே கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கும் ஒரு பெண். அனுப்பிய சூட்டோடு போன் வந்தது.

"எக்கா, பேஷன்ட் பேரு எதுன்னு சொல்லுங்க. பேருக் கட்டத்துல 'மேலத்தெரு, ரெண்டு பொண்டாட்டிக்காரர், ஊசி போட்டா மயங்கிருவார்'னு வருது. ஆதார்லயும் இப்பிடித்தான் போட்டிருக்கா?"

அவள் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. இன்ஜினீயர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அதில் எங்கள் பக்கத்து நியாயமும் இருக்கிறது. இங்கே முதல் பையனுக்கும் முதல் பெண்ணுக்கும் குலதெய்வத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். அண்ணன் மகனுக்கும் அதே பெயர், தம்பி மகனுக்கும் அதே பெயர், அத்தை மகனுக்கும் அதே பெயர். பிறந்த தேதியோ பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு வாத்தியார் போட்ட தேதி. வீட்டுக்கு ஒரு போன் நம்பர். ஒரு பெயரைத் தட்டினால் திரை முழுக்க அதே பெயராக வந்து விழும். அதனால் பெயருக்குப் பின்னாலேயே ஆள் அடையாளத்தையும் சேர்த்து எழுதிவிடுவோம். தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன், கம்மாக்கரை வீட்டு மூத்த மருமகள், காது கேக்காது, சத்தமாப் பேசணும். எந்தத் திரையைத் திறந்தாலும் மேலே சிவப்பு எழுத்தில் பெயர் மட்டும் பெரிதாக நிற்கும் என்பதால், முக்கியமான மருத்துவ விஷயங்களும் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டன. பென்சிலின் ஆகாது. சல்ஃபா ஆகாது. ஒவ்வாமைக்கென்று தனிக் கட்டம் இருக்கத்தான் செய்தது, மூன்று பக்கம் தள்ளி. அதை யாரும் திறந்ததே இல்லை.

இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது பெரிய சிஸ்டர். தலைமை நர்ஸ். ஐம்பதைத் தாண்டியவர், வெண்கலத் தொண்டை. அவர் வார்டில் நடந்தால் படுத்திருப்பவர்கள் தாங்களாகவே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். டாக்டர்களே அவரிடம் கொஞ்சம் பதமாகத்தான் பேசுவார்கள். இன்ஜினீயர் பதமாகப் பேசவில்லை.

"பேர்ல பேர் மட்டுந்தான் சிஸ்டர் இருக்கணும். மத்ததெல்லாம் ஒரே கமாண்ட்ல தூக்கிரலாம்."

"தூக்குவீரு, தூக்குவீரு. நாளைக்கு ஒருத்தனுக்கு ஆகாத ஊசியப் போட்டு அவன் விறைச்சிட்டான்னா அவனையும் நீரே தூக்கிட்டுப் போவீரா?"

இதில் நான் சிஸ்டர் பக்கம். நாங்கள் ஒரேயடியாக அழிக்க விடவில்லை. நானும் சீட்டுப் போடும் பெண்ணும் ராத்திரி டியூட்டி முடிந்த சிஸ்டர்மார் ஒன்றிரண்டு பேரும் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகத் திறந்து, பின்னால் இருந்ததைப் படித்து, அதற்குரிய கட்டத்துக்கு மாற்றினோம். ஆகாத மருந்து ஒவ்வாமைக் கட்டத்துக்கு. காது கேளாதது உடல்நிலைக் கட்டத்துக்கு. ரெண்டு பொண்டாட்டிக்கு எந்தக் கட்டமும் இல்லை, அதை அழித்தோம். கண் பூத்துப் போனது. மாதக்கணக்கில் அந்த வேலை இழுத்தது. சிஸ்டருக்காக, ஒவ்வாமையைச் சிவப்பு எழுத்தில் பெயருக்குக் கீழேயே காட்டவும் இன்ஜினீயரிடம் சண்டை போட்டு வாங்கினேன்.

அதெல்லாம் முடிந்த பிறகு இன்ஜினீயர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். எல்லோரும் இருந்தோம், டீ வந்திருந்தது.

"ஒவ்வாமைக் கட்டம் காலியா இருக்கிற ஆளுங்க நெறயப் பேரு இருக்காங்க. அனுப்பும்போது அதைக் காலியா விட்டா அந்தப் பக்கம் ஏத்துக்கிறதுல சிக்கல் வருது. காலின்னா 'இல்லை'ன்னு அர்த்தம் வச்சிக்கிறலாமா?"

பெரிய சிஸ்டர் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"இல்லாட்டாத்தான்யா காலியா இருக்கும். இருந்தா நாங்க எழுதாம விடுவமா?"

சரிதானே என்று எல்லோரும் தலையாட்டினோம். அத்தனை மாதம் மாரடித்து அத்தனையையும் கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கிறோம், அந்தத் தெம்பு. காலியாக இருந்த கட்டங்களில் எல்லாம் 'ஒவ்வாமை இல்லை' என்று ஏறியது.

இப்போது பெரிய சிஸ்டரின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே மகள். குளத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வழக்கப்படி தலைப்பிரசவம் தாய் வீட்டில், அதாவது எங்கள் ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். அப்போது போட்ட ஆன்டிபயாடிக் ஊசி அவளுக்கு ஆகாமல் போய்விட்டது. முன்கையில் சோதனைக்குக் கொஞ்சம் போட்டுப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. முழு ஊசியும் ஏறிய பிறகு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியே தியேட்டர் வாசலில் நின்றது. கேன்டீன் அண்ணாச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். எங்கள் பிரசவ டாக்டரம்மா எப்படியோ இழுத்துப் பிடித்துக் காப்பாற்றினார். சிஸ்டர் அன்றைக்கு அழுததுபோல் நான் அவரை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அந்த ஊசி அவளுக்கு ஆகாது என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அவளுக்குத்தான் அரைகுறையாகத் தெரியும். மயக்கத்தில் கிடந்தவள். என்ன ஊசி என்று கேட்டால், "எங்க அம்மாட்ட கேளுங்க" என்பாள். அம்மா இருக்கும்போது மகள் எதற்கு மருந்துப் பெயரை மனப்பாடம் செய்யப் போகிறாள்?

இரண்டாவது பிரசவம் மாமியார் வீட்டுப் பொறுப்பு. அதுவும் வழக்கந்தான். குளத்தூர்ப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியில், எங்களோடு இணைந்த அதே ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். சிஸ்டர் லீவு சொல்லி, முந்தின நாளே பஸ் ஏறுவதாக இருந்தார். நேரில் போய் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்வது என்பது அவர் திட்டம். பிள்ளை அதற்குள் அவசரப்பட்டுவிட்டது.

திங்கட்கிழமை காலை. எங்கள் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை என்றால் திருவிழாக் கூட்டம். சீட்டுப் போடும் இடத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. பெரிய சிஸ்டர் ஒரு குடலிறக்க ஆபரேஷனுக்காகத் தியேட்டருக்குள் இருந்தார். அவருடைய போன் லாக்கரில். எனக்குக் குளத்தூர்ப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"எக்கா, ஒங்க பெரிய சிஸ்டர் மக இங்கன வந்திருக்காவ. காலைலயே வலி வந்துட்டு. அவிய சம்மதம் சொல்லவும் ஒங்க ரெக்கார்டு பூராவும் பொசுக்குன்னு வந்துட்டு! மொத ஆபரேஷன், ரத்த குரூப்பு, பிரஷர், எல்லாம். நம்ம லிங்க்ல நெசமா வந்த மொத பேஷன்ட் அவியதான் தெரியுமா?"

எனக்கும் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். சீட்டுப் போடும் பெண்ணிடம் "வேலை செய்யுதுட்டீ!" என்று சொல்லவும் செய்தேன். குளத்தூர்ப் பெண் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"அலர்ஜி இல்லைன்னு கூட கிளீனா வந்திருக்கு. எங்க சிஸ்டர் வாசிச்சிக் காட்டுனாவ, அவியளும் வலியோட வலியா 'எங்க அம்மா ஆஸ்பத்திரில இருந்து வந்ததுன்னா சரியாத்தான் இருக்கும்'னு சொல்லிட்டாவ. இப்பந்தான் தியேட்டருக்குள்ள கொண்டு போறாங்க."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் உறைக்கவில்லை. அலர்ஜி இல்லை. யாருக்கு? அவளுக்கா? என் திரையில் அவள் பெயரைத் தட்டினேன். ஒவ்வாமை இல்லை. பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். மாற்றுவதற்கு முன் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு குறிப்புத்தான் இருந்திருக்கிறது: 'நம்ம சிஸ்டர் மகள்.' அவ்வளவுதான். ஊசியைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. பிரசவத்தன்று கையால் எழுதின கேஸ் ஷீட்டில் எங்கேயோ இருக்கும். கம்ப்யூட்டரில் யாரும் ஏற்றவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் சிவப்பில் எழுதி வைத்தவர்கள், இவளுக்கு எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்? நம்ம பிள்ளை. நமக்குத் தெரியாதா?

"ஏட்டி! ஊசியை நிப்பாட்டச் சொல்லு! அவளுக்கு ஆகாது! போன தடவை சாகக் கெடந்தா!"

"எக்கா, இல்லைன்னுதான இங்க போட்டிருக்கு..."

"போட்டிருக்கிறதைத் தூக்கிக் குப்பையில போடு! நான் சொல்லுதேன், ஓடு!"

"எங்க டாக்டர் என் பேச்சக் கேக்கமாட்டாருக்கா. என்ன மருந்துன்னு கேப்பாரு."

அதுவும் நியாயம். இந்த அறையில் இருந்துகொண்டு நான் கத்தினால் எந்த டாக்டர் கேட்பார்? "போனை வைக்காத, அப்படியே கையில எடுத்துட்டுத் தியேட்டர் வாசலுக்கு ஓடு" என்று சொல்லிவிட்டு, நானும் என் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் நின்றவர்கள் "யம்மா, பாத்துப் போம்மா" என்றார்கள். ஒருவரை இடித்துவிட்டேன். டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டவில்லை, தள்ளினேன். உள்ளே ஒரு பெண் படுக்கையில் வயிற்றுச் சேலையை விலக்கிப் படுத்திருந்தாள். டாக்டரம்மா முறைத்தார்.

"சிஸ்டர் மக குளத்தூர்ல தியேட்டர்ல இருக்கா. அலர்ஜி இல்லைன்னு நம்ம ரெக்கார்டு போயிருக்கு."

 டாக்டரம்மா கையுறையோடு என் போனைப் பிடுங்கினார். அந்தப் பக்கத்தில் யார் யாரோ பேசி, கடைசியில் டாக்டர் வந்தார் போலிருக்கிறது. டாக்டரம்மா மருந்தின் பெயரைச் சொன்னார், அந்த வகையில் எதுவுமே கூடாது என்றார், வேறு எது கொடுக்கலாம் என்று சொன்னார், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.  நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"மருந்தை ஊசியில ஏத்தி ட்ரேயில வச்சிருந்தாங்களாம்" என்றார் டாக்டரம்மா. "போடலை."

நான் அங்கேயே, நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். படுத்திருந்த பெண் எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

சிஸ்டர் தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றேன். மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே, "என்னட்டீ, பேயறைஞ்சவ மாதிரி நிக்க?" என்றார். முதலில் பிள்ளை பிறந்துவிட்டது, பெண் குழந்தை, தாயும் நலம் என்று சொன்னேன். அதற்குள் அந்தச் செய்தியும் வந்திருந்தது. சிரித்தார். பிறகு மற்றதைச் சொன்னேன்.

"அதெப்படி இல்லைன்னு போகும்? அவளுக்கு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"டாக்டரம்மாவுக்கு?"

"தெரியும். எல்லாருக்குந்தான் தெரியும் சிஸ்டர். யாரும் எழுதலை."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "காலின்னா இல்லைன்னு வச்சிக்கன்னு நாந்தானட்டீ சொன்னேன்" என்றார். அந்த வெண்கலத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும்தானே தலையாட்டினோம் என்று சொன்னேன்.  அவர் எழுந்து, உடை மாற்றிக்கொண்டு, குளத்தூருக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கே இன்ஜினீயரைப் பிடித்தேன். அவரைத் திட்டி என்ன செய்ய? ஆனாலும் திட்டினேன். காலி என்றால் காலிதான், அதை இல்லை என்று எவனும் மாற்றக் கூடாது என்றேன். அவர் விசாரித்துவிட்டுச் சொன்னார்: பொது முறையிலேயே அதற்கு இடம் இருக்கிறதாம். இருக்கிறது, இல்லை என்பது போல, தெரியாது என்பதற்கும் தனியாக ஒரு குறியீடு உண்டாம். "மொதல்லயே அதைப் போட்டிருக்கணும்க்கா" என்றார். குளத்தூருக்கும் மற்ற ஊர்களுக்கும் போன் போட்டு, எங்களிடமிருந்து வந்த 'இல்லை' எதையும் நம்பாதீர்கள், நோயாளியிடம் கேளுங்கள் என்று சொன்னோம். காலியாக இருந்து 'இல்லை' ஆனவை அத்தனையும் 'தெரியாது' ஆயின.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்களையே தேடிப் பார்த்தேன். டாக்டர்கள் வீட்டுப் பதிவு, சிஸ்டர்மார் பிள்ளைகள் பதிவு, கேன்டீன் அண்ணாச்சி பதிவு, என் அம்மாவின் பதிவு. எல்லாமே வெறுமை. நம்ம ஆட்கள் சீட்டுப் போட வரிசையில் நிற்பதில்லை, அதனால் யாரும் அவர்களிடம் எதுவும் கேட்டதில்லை. ஒரு வாரம் முழுக்க ஒவ்வொருவரையும் வரிசையில் வரச்சொல்லி, முன்பின் தெரியாதவரைக் கேட்பது போல எல்லாவற்றையும் கேட்டோம். அண்ணாச்சிக்கு வெட்கம் தாங்கவில்லை. "என்னம்மா, எங்கிட்டப் போயி எந்த ஊருன்னு கேக்க?" என்றார். சொல்லுங்க அண்ணாச்சி என்றேன்.

பேத்தி பிறந்ததிலிருந்து சிஸ்டர் லீவை நீட்டிக்கொண்டே போய், திரும்பி வரும்போது மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள். நேராக வார்டுக்குள் போயிருக்கலாம். போயிருந்தால் ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் என் முன்னால் உட்கார்ந்தார். அன்றைக்குச் சீட்டுப் போடும் பெண் வரவில்லை, நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

பெயர் கேட்டேன். குலதெய்வத்தின் பெயர்தான், அதைச் சொன்னார். பின்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. பிறந்த தேதி கேட்டேன். எனக்குத் தெரியாததா அந்தத் தேதி? ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து தட்டினேன். ஊர், தகப்பன் பெயர், போன் நம்பர். அப்புறம் அந்தக் கட்டம் வந்தது.

"பிள்ளைக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம இருந்திருக்கா?"

மகள் பின்னால் நின்று, "பச்சப் பிள்ளைக்கு என்னக்கா இருக்கப் போகுது, இல்லைன்னு போடுங்க" என்றாள்.

என் விரல் பட்டனுக்குப் போனது. சிஸ்டர் மேஜைக்கு மேலே எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லைன்னு போட்டுராதட்டீ. இன்னும் நமக்குத் தெரியாதுல்லா. தெரியாதுன்னே போடு."

அவர் கையை எடுக்கவே இல்லை. இடது கையால் 'தெரியாது' என்பதைத் தட்டி, திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினேன்.